குதிரை உருண்ட பிறகு

போன ஜூனில் வனவிலங்குத் துறைக் குலுக்கலில் என் பெயர் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருங்கொம்புக் காட்டுக் கிடா ஒன்றைச் சுட அனுமதிக்கும் சீட்டு அது. எங்கள் மலையூரான சாலிஸில் வருடா வருடம் அதற்கு விண்ணப்பம் போட்டு, வருடா வருடம் உதட்டைப் பிதுக்கி, கடைசியில் ஒரு கொம்பைக் கூடத் தொட்டுப் பார்க்காமல் மண்டையைப் போட்டவர்கள் ஏராளம். என் அப்பாவும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்தான். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பித்து வருகிறேன். ஐம்பத்தெட்டாவது வயதில் விழுந்திருக்கிறது. மறுபடியும் விழும் என்று யாராவது சொன்னால், அவர் குடியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

போதாக்குறைக்கு முழங்கால். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓட்டி என் வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. நவம்பரில் அதை அறுத்து உலோகம் வைப்பதாக மருத்துவர் நாள் குறித்துவிட்டார். "அப்புறம் தட்டையான இடத்தில எவ்வளவு வேணும்னாலும் நடங்க, சரளை மலையில மூட்டையத் தூக்கிட்டு ஏறுறத மட்டும் மறந்துடுங்க" என்றார். காட்டு ஆடுகள் என்ன தட்டையான இடத்திலா மேய்கின்றன? எனக்கு வாய்த்தது இந்த ஒரே இலையுதிர் காலம்தான்.

என் கணவன் லைல் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். தங்கமான மனுஷன். கெட்ட பொய் அவன் வாயில் வந்ததே இல்லை. அவன் சொல்வதெல்லாம் நல்ல பொய். மலை ஏறும்போது "அந்த மேடு தாண்டினா போதும் நோரி, அப்புறம் இறக்கம்தான்" என்பான். அந்த மேட்டைத் தாண்டினால் இன்னொரு மேடு நிற்கும். என் அம்மா சாகக் கிடந்தபோது, தேறிவிடுவாள் என்று மருத்துவரே சொன்னதாக வந்து சொன்னான். மருத்துவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருமுறை பசியும் குளிருமாக நான் பாறையில் உட்கார்ந்து இனி நகர மாட்டேன் என்று அழுதபோது, அடுத்த வளைவில் ஒரு ஏரி இருக்கிறது, கரையில் காய்ந்த விறகு கிடக்கிறது, போன வருடம் அங்கே மீன் பிடித்தேன் என்று அந்த மீனின் நீளம் வரைக்கும் சொன்னான். வளைவைத் தாண்டினேன். ஏரியும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனால் நடந்துவிட்டேன் அல்லவா, அதுதான் அவனுக்கு வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இப்படி ஒருத்தனோடு குடித்தனம் நடத்தினால், அவன் நல்ல சேதி எது சொன்னாலும் உள்ளே ஒரு ஆள் எழுந்து நின்று "அப்படியா?" என்று கேட்பான். எனக்குள்ளும் அந்த ஆள் குடியேறிவிட்டான்.

என் ரைஃபிள் பழையது, பழுதில்லாதது. அதன் மேல் குறி பார்க்க மாட்டியிருந்த தொலைநோக்கிக் குழாய்க்கு, அதாவது ஸ்கோப்புக்குத்தான் வயதாகிவிட்டது. மழை நாளில் உள்ளுக்குள் மூச்சு விட்டதைப் போல ஆவி படிந்துவிடும். புதிது வாங்கியே ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் என் கோடைக்காலம் முழுக்கப் போயிற்று. காலையில் அடுப்பில் முட்டையைப் போட்டுவிட்டு ஸ்கோப்பை நினைப்பேன், முட்டை கருகும். பேருந்து ஓட்டும்போது அதே நினைப்பு. மக்கே வீட்டுப் பிள்ளைகளை இறக்காமல் ஒரு நாள் பாலம் வரைக்கும் போய்விட்டேன். அந்தப் பிள்ளைகளும் சாமர்த்தியசாலிகள், வாயே திறக்கவில்லை.

துப்பாக்கிக் கடை வென்டல் என் வயதுக்காரன். கூடப் படித்தவன். அன்றிலிருந்து இன்றுவரை என் வாயில் விழுந்து எழுந்தவன். கண்ணாடி மேஜை மேல் அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் வாசலில் நின்று அதன் வழியே எதிர் மலையைப் பார்ப்பேன். ஒன்றில் மலை கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு தேவதாரு மரத்தின் நுனியும் எண்ணலாம் போலிருந்தது.

"இதுதான்" என்றேன்.

"நீ சுடப் போறது ஆட்டையா, நிலாவையா?" என்றான் வென்டல்.

"ஏன், நல்லாத்தானே தெரியுது?"

"தெரியும். கடை வாசல்ல எல்லாமே நல்லாத் தெரியும். உன் குதிரை ஒரு தடவ மரத்துல உரசட்டும், அப்புறம் வந்து சொல்லு."

"எழவு, அப்ப எதுக்கு இத எடுத்து வெச்ச?"

"டென்வர் பட்டணத்துலேர்ந்து வர்றவங்களுக்கு. அவங்க சுடுறது கார் நிறுத்துற இடத்துலேர்ந்து."

வென்டல் பேச்சில் விஷமம் இருந்தாலும் விஷயம் இருந்தது. ஸ்கோப்பின் வயிற்றுக்குள் கண்ணாடிகள் ஒரு சின்னச் சுருள்வில் தாங்கலில் உட்கார்ந்திருக்கின்றன. அடி பட்டால் அது ஒரு மயிரிழை நகரும். வெளியே கீறல் கூட இருக்காது, படம் பளிச்சென்று தெரியும், உள்ளே தெரியும் குறிக்கோடுகள் கிடாவின் தோள் மேல் கச்சிதமாக நிற்கும். குண்டு மட்டும் ஒரு முழம் தள்ளிக் குடலில் போய் இறங்கும். குடலில் குண்டு வாங்கிய ஆடு அங்கேயே விழாது. ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறைக்குப் போய், நாள் கணக்கில் படுத்துச் சாகும். சின்ன வயதில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் அப்படி ஒரு மானைச் சுட்டுவிட்டுத் தேடாமல் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் நான் அதைக் கண்டேன். அது இன்னும் உயிரோடு இருந்தது. அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

ஆகவே கண்ணாடி எவ்வளவு தெளிவு, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டேன். எது அடி வாங்கியும் அசையாது? இந்த ஒரு கேள்விதான். அதற்குத்தான் ஊரில் ஆளுக்கொரு பதில். ஒருவன் ஒரு கம்பெனியைக் கும்பிடுவான், அடுத்தவன் அதே கம்பெனியைக் காறித் துப்புவான். உடைந்தால் புதிது அனுப்புகிறார்கள் என்பதைப் பெருமையாகச் சொன்னான் ஒருத்தன். மலை உச்சியில் உடைந்தால் அங்கே எந்தத் தபால்காரர் கொண்டு வருவார் என்று கேட்டேன். அவன் அதன்பின் என்னோடு பேசுவதில்லை.

கடைசியில் வென்டல் அலமாரியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தான். குட்டையாக, தடியாக, கனமாக இருந்தது. எண்ணெய்க் குழாயை வெட்டி வைத்ததைப் போல ஒரு அழகு. படமும் ஓரங்களில் கொஞ்சம் மங்கல்.

"இதோட மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா கழுதைல சுமை கட்டி மலை ஏறுறவன் எல்லாம் இதைத்தான் வாங்கறான்" என்றான்.

விலையைக் கேட்டதும் மூஞ்சி இன்னும் கோணலாகத் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லைல் அதைக் கையில் வாங்கி, ஒரு குதிரையின் குளம்பைப் பார்ப்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்ல சாமான்தான்" என்றான். "துப்பாக்கில மாட்டி, குறி வெச்சு முடிச்சதும் கீழ போட்டுப் பாத்துடலாம்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். எல்லாருக்கும் இல்லை, கழுதை கட்டி உள் மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். ஊருக்கு வெளியே சரளை தோண்டும் குழி இருக்கிறது. அங்கே போய் காகிதத்தில் மூன்று குண்டு சுடுவார்கள். அப்புறம் நல்ல துப்பாக்கியை, கடன் வாங்கி வாங்கிய ஸ்கோப்போடு, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு விரிப்பின் மேல் தொப்பென்று போடுவார்கள். இந்தப் பக்கமாக ஒரு தடவை, அந்தப் பக்கமாக ஒரு தடவை, நேராக ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் எடுத்துச் சுடுவார்கள். குண்டு அதே இடத்தில் விழுந்தால் அந்த ஸ்கோப்பை நம்பலாம். இல்லையென்றால் பெட்டியில் போட்டுக் கடைக்கே திருப்பி அனுப்புவார்கள், ஏதும் அறியாத பிள்ளைகள் போல.

"உன் தலையக் கீழ போட்டுப் பாரு" என்றேன். "புதுச் சாமானை யாராவது வேணும்னு கீழ போடுவானா? கல்யாணத்தன்னிக்கு என்னையும் அப்படிப் போட்டுப் பாத்திருக்கணும்."

"நீ அசைஞ்சிருக்க மாட்ட" என்றான்.

"சிரிக்காத. இத ஒரு விரல் தொட்டன்னா தெரியும் சேதி."

எனக்கு மூக்கின் மேல் கோபம். ஊருக்கே தெரியும். அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன், பச்சைக் குழந்தையைச் சுவரில் மோதி அது திடமான குழந்தையா என்று பார்க்கிற வேலை அது. லைல் தலையாட்டினான். நான் அந்த ரைஃபிளைப் போர்வையில் சுற்றி வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போய், குண்டு குறியில் விழும்படி ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்தேன். ஆகஸ்டில் பாய்ஸியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோதும் தொலைபேசியில் கூப்பிட்டு "துப்பாக்கி பக்கம் போகலையே?" என்று கேட்டேன். "நான் எதுக்குப் போறேன்" என்றான்.

இலை பழுத்ததும் மலைக்குப் போனோம். நானும் அவனும் மட்டும்தான். இரண்டு குதிரைகள், சுமைக்கு ஒரு கோவேறு கழுதை. கழுதையின் பெயர் செனட்டர். நிறையத் தின்னும், வேலை என்றால் காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும்.

முதல் வாரம் முழுக்க ஆடே கண்ணில் படவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்து வைத்து என் புருவம் வீங்கியதுதான் மிச்சம். ஒரு பள்ளத்தாக்கில் பெட்டைகளும் குட்டிகளும் மட்டும் மேய்ந்தன. இன்னொன்றில் பழைய சாணம். சாப்பிட உட்கார்ந்தால் உட்கார முடியாது, எழுந்து போய் எதிர்ச் சரிவை இன்னொரு தடவை பார்ப்பேன். காபி ஆறிப்போகும். லைல் அதை எனக்கு மறுபடி சூடாக்கித் தருவான், நான் அதையும் ஆறவிடுவேன். உப்புக்கண்டத்தை மென்றுகொண்டே நடப்பேன், ஒரு மணி நேரம் கழித்து வாயில் அதே துண்டு இருக்கும். மேற்கே வானம் தகரம் போல ஆகிக்கொண்டு வந்தது. பனி வந்துவிட்டால் மேல் வழிகள் மூடிவிடும். வேட்டைக் காலமும் முடியப் போகிறது.

"கிடைக்கும் நோரி" என்றான் லைல். "எனக்கு மனசுல படுது. நாளைக்கு நிச்சயம்."

"உன் மனசுல என்னிக்குத்தான் படல?" என்றேன்.

காக்கைப் பள்ளம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் பாறைச் சுவர், நடுவில் புல். அதற்கு ஏறும் வழி குதிரையை விட ஆட்டுக்குத்தான் ஏற்றது. அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். மதியம் தாண்டிய நேரத்தில் அந்த ஏற்றத்தில் என் குதிரையின் பின்னங்கால் சரளையில் வழுக்கியது. நான் சேணத்திலிருந்து மலைப் பக்கமாகக் குதித்தேன், அதாவது விழுந்தேன். குதிரை மற்றப் பக்கம் சாய்ந்து, ஒரு முழு உருளல் உருண்டு, கீழே ஒரு மேடையில் நின்றது. எழுந்து உதறிக்கொண்டது. அதற்கு ஒரு சிராய்ப்புதான். எனக்கு உள்ளங்கை கிழிந்தது. ஆனால் ரைஃபிள் இருந்தது குதிரை உருண்ட பக்கத்து உறையில்.

உறையிலிருந்து அதை உருவினேன். துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு பள்ளம். ஸ்கோப்பின் முதுகில் கறுப்பு வண்ணம் போய் விரல் நீளத்துக்கு வெள்ளி தெரிந்தது. கண்ணாடி உடையவில்லை. ஸ்கோப்பைப் பிடித்திருந்த வளையங்களின் திருகுகளை லைல் முறுக்கிப் பார்த்தான், ஒன்றும் தளரவில்லை. உள்ளே பார்த்தேன், படம் எப்போதும் போல. ஓரத்தில் மங்கல், நடுவில் கோடுகள். அது எதையும் சொல்லவில்லை. வென்டல் எச்சரித்தது இதைத்தானே.

"மேல ஏறி ஒரு எட்டு பாத்துட்டு, கீழ இறங்கினதும் சுட்டுப் பாத்துக்கலாம்" என்றான் லைல். எனக்கும் அது சரியென்று பட்டது. விழுந்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் மிருகத்தின் மேல் நீட்டக் கூடாது, இது எங்களுக்குப் பால் குடிக்கும்போதே சொல்லித் தந்தது. ஆனால் பள்ளத்தின் வாயில் நின்று சுட்டால் சத்தம் மூன்று சுவரிலும் மோதி எல்லாவற்றையும் விரட்டிவிடும்.

குதிரைகளைக் கட்டிவிட்டு வாய் வரைக்கும் ஏறினோம். கடைசிக் கொஞ்ச தூரம் நான் தவழ்ந்தேன். விளிம்பில் தலையை நீட்டிப் பார்த்தேன்.

அங்கே ஐந்து கிடாக்கள் இருந்தன. நான்கு புல்லில் படுத்து அசைபோட்டன. ஐந்தாவது நின்றது. அதன் கொம்பு சுருண்டு வந்து முகத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தது, நுனிகள் பாறையில் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தன. கழுத்து என் இடுப்பைவிடப் பெரிது. அப்பா எங்கள் சமையலறைச் சுவரில் நாள்காட்டிப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார், அந்தப் படத்தில் கூட இப்படி ஒன்று இல்லை. முந்நூறு கஜம் இருக்கும். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அவற்றுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

லைல் தன் பையை எனக்கு முன்னால் தள்ளினான். அதன் மேல் ரைஃபிளை வைத்தேன். கோடுகள் கிடாவின் தோளுக்குப் பின்னே போய் நின்றன.

"சுடு" என்று காதோரம் சொன்னான்.

"குதிரை அது மேல உருண்டிருக்கு லைல்."

"ஒண்ணும் ஆகல. அது அசையல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மேற்கிலிருந்து முதல் பனித்துகள்கள் வந்து என் கைமேல் விழுந்தன. கிடா தலையைத் திருப்பிப் புல்லை முகர்ந்தது.

"எப்படித் தெரியும்னு கேக்கறேன்."

"நான் கீழ போட்டுப் பாத்தேன்" என்றான்.

"எத?"

"அதத்தான். நீ பாய்ஸி போயிருந்தப்போ. குழில வெச்சு. மூணு பக்கமும் போட்டேன். மூணு தடவையும் குண்டு அதே இடத்துலதான் விழுந்துச்சு. அப்புறம் நெஞ்சு உயரத்துலேர்ந்தும் போட்டேன். அசையவே இல்ல நோரி."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. முந்நூறு கஜத்தில் என் ஆயுசின் கிடா நிற்கிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றோடு காற்றாகத் திட்டுகிறேன். "நான் தொடாதன்னு சொன்னேன். போன்ல கேட்டேன். போகலைன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எதுல போட்ட?"

"உன் முழங்கால் பயிற்சி விரிப்புல. ரெண்டா மடிச்சு."

"அதுல ஒரு அழுக்குக்கூட இல்லையே."

"துவைச்சேன்."

இங்கேதான் எனக்குள் இருந்த அந்த ஆள் எழுந்து நின்றான். விரிப்பு, இரண்டாக மடித்தது, துவைத்தது. இல்லாத ஏரியில் பிடித்த மீனுக்கு நீளம் சொன்னவன் இவன். நான் இந்தக் கிடாவுக்காக ஜூனிலிருந்து உறக்கம் கெட்டதைப் பார்த்தவன், என் முழங்காலைப் பார்த்தவன், கையில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன். என்னைச் சுட வைக்க இந்த நேரத்தில் அவன் எதையும் சொல்வான். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்வான், எனக்கு அதுதான் பயம்.

"என் கண்ணப் பாத்துச் சொல்லு" என்றேன்.

பார்த்தான். நீலக் கண், புருவத்தில் பனி. "சத்தியமாப் போட்டுப் பாத்தேன். சுடு."

அவன் பொய் சொல்லும்போதும் இப்படித்தான் பார்ப்பான். அம்மாவின் அறை வாசலில் இப்படித்தான் பார்த்தான்.

கிடா ஒரு எட்டு வைத்தது. என் விரல் விசையில் இருந்தது. சுட்டிருக்கலாம். சுட்டு, குண்டு குடலில் போயிருந்தால்? அது அந்தச் சுவர் மேல் ஏறிப் போய்ப் படுத்திருக்கும், பனி மூடியிருக்கும், நான் இந்தக் காலோடு கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் பார்த்த அந்த மானின் கண் எனக்கு முன்னால் வந்தது. முடியாது என்று மனசு சொல்லிவிட்டது.

ஆடுகளுக்கு வெகு இடதுபுறம், எதிர்ச் சரிவில், அதே தூரத்தில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. ரைஃபிளை அந்தப் பக்கம் திருப்பினேன்.

லைலுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் நோரி. சத்தம் கேட்டா போயிடும். இந்த வருஷம் திரும்ப வராது. கெஞ்சிக் கேக்கறேன். ஒரு தடவ நான் சொல்றத நம்பு."

"நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல."

"அப்ப?"

"தெரிஞ்சுக்கணும்."

சுட்டேன். சத்தம் பள்ளம் முழுக்க உருண்டது. கல்லின் நட்ட நடுவில் தூசி எழுந்தது. ஒரு விரல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. நடு மத்தி.

ஐந்து கிடாக்களும் எழுந்த வேகத்தில் ஓடின. குண்டை மறுபடி ஏற்றிக்கொண்டு திரும்பினேன், அதற்குள் அவை பாறைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. கால் வைக்க இடமே இல்லாத பாறையில் தண்ணீர் மேல் நோக்கி ஓடுவதைப் போல ஏறின. பெரியது கடைசியாகப் போயிற்று. உச்சியில் வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நின்று ஒரு தடவை கீழே பார்த்தது. வெகுதூரம், பின்னால் வெறும் வானம். தவறிய குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாது, அப்படி நிற்பதைச் சுடக் கூடாது. லைலும் சுடச் சொல்லவில்லை. அதுவும் இறங்கி மறைந்தது. அந்தப் பக்கம் ஆறு, அதற்கப்பால் குதிரையும் போகாத மலை.

நான் முகத்தைப் பையில் புதைத்து அழுதேன். அப்பாவுக்காக, முழங்காலுக்காக, கண்ணெதிரே வந்து நின்ற அந்தக் கொம்புக்காக. அழுது முடித்து நிமிர்ந்தபோது லைல் ஆடுகள் போன பக்கம் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றேன். "நாலு நாள் கத்தியிருப்பேன். அப்புறம் நானே உன்கூட குழிக்கு வந்து பாத்திருப்பேன்."

"ஆமா" என்றான். "சொல்லியிருக்கணும்."

கல்லைச் சுட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஊரில் யாரிடம் கேட்டாலும் சரியென்றுதான் சொல்வார்கள், வென்டல் உட்பட. சொல்லிவிட்டார்கள் கூட. ஆனால் ஊருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். லைல் என்னிடம் ஒரு உண்மையைச் சொன்னான், அதையும் நான் அவனுடைய பொய்களோடு சேர்த்து எண்ணிவிட்டேன்.

பனி அடர்ந்து விழத் தொடங்கியது. நான் எழுந்திருக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. லைல் எழுந்து வந்து வழக்கம் போலக் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு எழுந்தேன். கையை விடவில்லை.

"இப்ப நம்பறேன் லைல்" என்றேன்.

"என்னையா?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ அந்தக் கல்லத்தானே நம்பற."

ரைஃபிளை என் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நான் வழுக்காத மாதிரி எனக்குக் கீழே ஒரு எட்டு முன்னால் இறங்கத் தொடங்கினான்.